'அகிரா' திரைப்படத்தில் இளிவரல்

சித்திரங்களால் ஆகிய படம் என்றதும் அது சிறுவர்க்குரியது என்று ஒதுக்கிவிடும் வழக்கம் நம்மிடையே இன்னும் முற்றாக நீங்கவில்லை. ஜப்பானியர் 'அனிமே' என வழங்கும் இத்துறையில், அவ்வழக்கத்தைக் கைவிடச் செய்யும் படைப்புகளுள் ஒன்று 1988ஆம் ஆண்டில் வெளிவந்த 'அகிரா'. கட்சுஹிரோ ஒட்டோமோ 1982 முதல் இதழொன்றில் தொடராக வரைந்து வந்த படக்கதையைத் தாமே இயக்கித் திரைக்குக் கொணர்ந்தார். படக்கதை முற்றுப்பெற்றது 1990இல். எனவே, முடியாத கதைக்கு முடிவு காட்டவேண்டிய நிலையில் எழுந்தது இப்படம். அதன் நிறைக்கும் குறைக்கும் இந்நிலையே பெரிதும் காரணமாகும்.

1988 ஜூலை 16ஆம் நாள் தோக்கியோ நகரை வெண்ணொளிக் கோளமொன்று ஓசையின்றி விழுங்குகிறது. படம் ஜப்பானில் திரையிடப்பட்டதும் அதே நாளில்தான். அடுத்த காட்சி 2019இல் தொடங்குகிறது. அழிந்த நகருக்கு மாற்றாக எழுந்த புதுத் தோக்கியோவில் மோட்டார் சைக்கிள் கும்பலொன்றின் தலைவன் கனேடா. அவன் நிழலில் வளர்ந்தவன் டெட்சுவோ. விபத்தொன்றின்பின் இராணுவத்தினர் டெட்சுவோவைக் கொண்டுசென்று ஆய்வுக்கு உட்படுத்த, அவனுள் அடங்காத ஆற்றலொன்று விழித்துக்கொள்கிறது. (2020ஆம் ஆண்டின் ஒலிம்பிக் அரங்கு கட்டப்படுவதாகப் படத்தில் வருவதைக் கண்டு, இது தீர்க்கதரிசனம் என்று வியப்பாரும் உளர். அறிவியல் புனைவை ஆரூடத்தின் அளவுகோலால் அளப்பது அதற்கு நாம் செய்யும் சிறப்பன்று.)

படத்தின் சிறப்பு முதலாவதாக இரவில் இருக்கிறது. ஓவியப் படங்களில் இரவை நீலம் பூசிக் காட்டிவிடுவது எளிய வழி. ஒட்டோமோவோ இரவுக்குள் பல வண்ணங்களைக் கண்டார். இப்படத்திற்கெனப் பயன்பட்ட வண்ணங்கள் 327 என்பர். விரைந்தோடும் மோட்டார் சைக்கிளின் பின்விளக்கு இருளில் செந்நிறக் கோடாக நீண்டு மறையும்போது, வேகம் என்பது கண்ணால் காணும் பொருளாகிறது. உரையாடலை முதலில் ஒலிப்பதிவு செய்து, பின்னரே அதற்கேற்ப உதடசைவை வரைந்தமையால், பேசுவோர் முகத்தில் உயிர் இருக்கிறது. கெய்னோ யமாஷிரோகுமி குழுவினரின் இசை, ஜப்பானிய நோ நாடகத்தின் குரலையும் பாலித் தீவின் கமெலான் ஒலியையும் இணைக்கிறது. எதிர்கால நகருக்கு மின்னிசையை மட்டும் நாடாமல், மூங்கிலும் மனிதக் குரலும் போதும் என்று துணிந்தது பாராட்டத்தக்கது.

இவ்வளவும் மருட்கையையும் அச்சத்தையும் எழுப்புவன. ஆயினும் இக்கதையின் வேர் வேறொரு மெய்ப்பாட்டில் உள்ளது. இளிவரல் பிறக்கும் நிலைக்களன்களாகத் தொல்காப்பியர் கூறுவன மூப்பு, பிணி, வருத்தம், மென்மை என்னும் நான்கு. நான்கும் இப்படத்தில் உள்ளன. ஆய்வுக்கு ஆளான மூன்று குழந்தைகளின் முகத்தில் கிழத்தனம் படிந்திருக்கிறது. மருந்தின்றி அவர்களால் வாழ இயலாது. உள்ளங்கையில் பெயருக்குப் பதில் எண். டெட்சுவோவின் இளிவரலோ மென்மையிலிருந்து பிறப்பது. கனேடாவின் சிவப்பு வண்டி உனக்கு அடங்காது என்ற கேலி; அடிபடும்போதெல்லாம் கனேடாவே வந்து காக்கும் அவமானம். ஆற்றல் கைவந்ததும் அவன் உலகை ஆள எண்ணவில்லை. இனி எவனும் தன்னைக் காக்க வேண்டியதில்லை என்று காட்டவே துடிக்கிறான். உதவி பெற்றவன் உதவியவனையே வெறுக்கும் இந்த நுட்பம், பெரும் நாவலுக்குரிய பொருள்.

அப்பொருளைப் படம் போதிய அளவு நம்பவில்லை என்பதே என் குறைபாடு. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட பக்கங்கள் கொண்ட படக்கதையை 124 நிமிடங்களில் அடக்கும்போது எதை விடுவது என்பதே கலைஞனுக்குரிய சோதனை. ஒட்டோமோ வெடிப்புகளை வைத்துக்கொண்டு காரணங்களை விட்டார். ஊழல் அரசியல்வாதி, கிளர்ச்சிக் குழு, இராணுவத் தளபதி எனப் பல இழைகள் தொடங்குகின்றன. ஒன்றேனும் முறையாக முடிச்சிடப்படவில்லை. படக்கதையில் பெரும்பங்கு வகிக்கும் மியாக்கோ அம்மையார் இங்கே கூட்டத்தில் ஒரு முகமாகக் குறுகிவிட்டார். டெட்சுவோவை நேசிக்கும் கவோரியின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. அவமானப்படுவதற்கும், இறுதியில் வீங்கிப் பெருகும் அவன் உடலுக்குள் நசுங்கி மடிவதற்கும் மட்டுமே அவள் வருகிறாள். அவள் மனத்தில் என்ன இருந்தது என்று படம் ஒருமுறையேனும் கேட்கவில்லை.

இறுதி அரைமணி நேரத்தின் பேரழிவும் அளவு மீறியதே. ஒரு கட்டடம் சரியும்போது நாம் திடுக்கிடுகிறோம். நூறு கட்டடங்கள் தொடர்ந்து சரியும்போது ஓவியரின் உழைப்பை எண்ணத் தொடங்கிவிடுகிறோம்.

கனேடாவும் டெட்சுவோவும் சிறுவர்களாக, ஆதரவற்றோர் இல்லமொன்றில் முதன்முதல் சந்தித்த நினைவு, நகர் முழுதும் பாழான பிறகே திரைக்கு வருகிறது. அழுகின்ற சிறுவன் ஒருவன். அவனை அணுகும் மற்றொருவன். இருவரும் பெயர் சொல்லிக்கொள்கின்றனர். சில நொடிகளே நீடிக்கும் அக்காட்சி, முதல் அரைமணி நேரத்திற்குள் வந்திருக்குமாயின், சிவப்பு வண்டியைப் பற்றிய அந்தக் கேலி நம் நெஞ்சிலும் தைத்திருக்கும்.