அரையாண்டு அயற்கல்வியின் நிறையும் குறையும்

பட்டப்படிப்பின் நடுவே ஓர் அரையாண்டை வேற்று நாட்டுச் சர்வகலாசாலை ஒன்றில் கழித்து, அங்கே தேறிய பாடங்களைத் தாய்க் கலாசாலையின் கணக்கில் வரவு வைத்துக்கொள்ளும் வழக்கம், 1987-ஆம் ஆண்டில் ஐரோப்பிய சமூகம் எராஸ்மஸ் என்னும் திட்டத்தைத் தோற்றுவித்தது முதல் அக்கண்டமெங்கும் வேரூன்றிவிட்டது. முதலாண்டில் பதினொரு நாடுகளிலிருந்து 3,244 பேர் மட்டுமே புறப்பட்டனர். இன்று ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் புறப்படுகின்றனர். அவர்களுள் பலர் விரும்பி நாடுவது பொலோஞா, சலமாங்கா, கோயிம்பிரா, ஹைடல்பர்க் முதலிய புராதன வித்தியாபீடங்களையே. அவ்விருப்பம் எவ்வளவு தூரம் நியாயமானது, அதைச் செயற்படுத்தும் ஏற்பாடு எவ்வளவு தூரம் பயன் தருகிறது என்பனவற்றை இத்தாலியிலுள்ள பொலோஞாவை உதாரணமாகக் கொண்டு ஆராய்வது தகும்.

பொலோஞாவின் பிராயத்தைக் குறிக்கும் 1088 என்னும் ஆண்டு, பத்தொன்பதாம் நூற்றாண்டில், கவிஞர் கார்தூச்சியின் தலைமையில், எண்ணூறாம் ஆண்டு விழாவை முன்னிட்டு நிர்ணயிக்கப்பட்டதேயன்றி, அந்நாளைய சாசனம் எதனாலும் நிறுவப்பட்டதன்று. ஆயினும் பன்னிரண்டாம் நூற்றாண்டில் பல தேசத்து இளைஞர் சட்டம் பயில அங்கே திரண்டனர் என்பதில் ஐயமில்லை. அந்நூற்றாண்டின் நடுவில் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா வழங்கிய சாசனம், கல்வியின் பொருட்டுப் பிரயாணம் செய்வோருக்கு அபயமளித்ததோடு, ஒருவன் பட்ட கடனுக்காக அவன் தேசத்தைச் சேர்ந்த வேறொரு மாணாக்கனைப் பிடித்து வருத்தும் கொடிய வழக்கத்தையும் விலக்கிற்று. ஆல்ப்ஸ் மலைக்கு அப்பாலிருந்து வந்தோர் ஒரு சங்கமாகவும் இத்தாலியர் ஒரு சங்கமாகவும் கூடி, ஆசிரியரை ஊதியம் பேசி அமர்த்தினர்; குறித்த வேளைக்கு வாராத ஆசிரியருக்கு அபராதமும் விதித்தனர். ஆகவே பொலோஞாவில் அயல்நாட்டு மாணாக்கன் விருந்தாளியல்லன். அந்த ஸ்தாபனத்தைக் கட்டியெழுப்பியவருள் ஒருவன்.

இனி இத்திட்டத்தின் நிறைகளை நோக்குவோம். 1950-களின் இறுதியில் சோஃபியா கொர்ராடி என்னும் இத்தாலிய மாணவி, அமெரிக்காவின் கொலம்பியா சர்வகலாசாலையில் சட்டம் பயின்று உயர்பட்டம் பெற்றுத் திரும்பியபோது, ரோமாபுரியிலிருந்த அவருடைய சொந்தக் கலாசாலை அப்படிப்பை அங்கீகரிக்க மறுத்து, உல்லாசப் பிரயாணம் போய் வந்தவரை நடத்துவதுபோல் அவரை நடத்திற்று. அந்த அவமானத்தின் விளைவாக அவர் பல்லாண்டு விடாது செய்த பிரசாரமே எராஸ்மஸ் திட்டத்திற்கு வித்தாயிற்று. இன்று ஓராண்டுப் படிப்பு அறுபது கிரெடிட்டுகளாகவும் அரையாண்டுப் படிப்பு முப்பதாகவும் ஐரோப்பாவெங்கும் ஒரே அளவையால் அளக்கப்படுகிறது. புறப்படுமுன்னரே மாணாக்கனும் இரு கலாசாலைகளும் கையொப்பமிடும் கல்வி ஒப்பந்தத்தில் பாடங்கள் குறிக்கப்படுகின்றன. போகும் இடத்தில் போதனைக் கட்டணமும் இல்லை. கொர்ராடி இழந்ததைப்போல் ஓராண்டுக் காலத்தை எவரும் இழக்க வேண்டாத இந்நிலை, எளிதிற் கிட்டியதன்று.

கல்வி முறையின் வேற்றுமையும் ஒரு லாபமே. எழுத்துத் தேர்விலேயே பழகிய ஒருவன், இத்தாலியில் ஆசிரியரின் எதிரே அமர்ந்து வாய்மொழியாக விடையிறுக்க நேர்கையில், மனப்பாடத்தால் மறைத்துவைத்த அரைகுறை ஞானம் இரண்டாம் கேள்வியிலேயே வெளிப்பட்டுவிடுகிறது. முப்பதுக்குப் பதினெட்டு பெற்றால் தேர்ச்சி. பெற்ற மதிப்பெண் திருப்தி தராவிடில் அதை மறுத்து, மறுமுறை தேர்வுக்கு வரவும் இடமுண்டு. அறிவைச் சோதிக்க இப்படியும் ஒரு மார்க்கம் உண்டென்பதை நேரிற் காண்பதொன்றே பிரயாணச் செலவில் ஒரு பகுதிக்கு ஈடாகும்.

எனினும், இத்திட்டத்தின் தலையாய பலமே அதன் தலையாய பலவீனமுமாகிறது. கிரெடிட்டுகள் வீணாகலாகாது என்னும் கவலையால், தாய்க் கலாசாலையின் பாடங்களுக்கு நிகரான பாடங்களையே மாணாக்கன் தேடுகிறான்; துறையினரும் பாடத்திட்டங்கள் இரண்டையும் வரிக்கு வரி ஒப்பிட்டு, ஒற்றுமை மிக்கவற்றுக்கே சம்மதம் தருகின்றனர். ஊரிற் கிடைப்பதையே பொலோஞாவிலும் பயில்வதாயின் அத்துணைத் தூரம் போவானேன்? 1496-இல் திருச்சபைச் சட்டம் பயில அங்கே சேர்ந்த கோப்பர்னிக்கஸ், வானநூற் பேராசிரியர் நொவாராவுடன் பழகி, 1497-ஆம் ஆண்டு மார்ச்சு 9-ஆம் நாள், சந்திரன் ரோகிணி நட்சத்திரத்தை மறைத்த காட்சியைக் கண்டு குறித்துக்கொண்டார். சட்டப் பட்டத்தை அவர் பின்னர் 1503-இல் ஃபெராராவிலே பெற்றார்; பொலோஞா அவருக்கு அளித்த பெருஞ்செல்வமோ, அவர் பதிவு செய்துகொண்ட பாடத்தில் அடங்காத ஒன்று. இன்றைய ஒப்பந்தப் படிவத்தில் அத்தகைய கல்விக்கென ஒரு வரிகூட ஒதுக்கப்படுவது அரிது.

காலக் குறுக்கம் இரண்டாவது குறை. செப்டம்பரில் பாடங்கள் தொடங்கி டிசம்பரில் முடிய, ஜனவரி பிப்ரவரியில் தேர்வுகள் வந்துவிடுகின்றன. ஊரும் பாஷையும் பழகத் தொடங்கும் தருணத்திலேயே மாணாக்கன் மூட்டை கட்ட வேண்டியிருக்கிறது. இத்தாலிய பாஷை கைவராதவர் ஆங்கிலத்தில் நடத்தப்பெறும் பாடங்களை நாடி, தம்மையொத்த அயல்நாட்டாருடனேயே கூடி வசித்து, ஓர் இத்தாலியனுடனேனும் நெருங்கிப் பழகாமல் திரும்புவதும் உண்டு.

மூன்றாவது குறை பொருளைப் பற்றியது. உதவித்தொகை வாழ்க்கைச் செலவு முழுவதையும் தாங்குவதன்று. அதிலும் ஒரு பகுதி பல இடங்களில் ஊர் திரும்பிய பின்னரே கைக்கு வருகிறது. மாணாக்கர் நிறைந்த பொலோஞாவில் வாடகை அறை கிடைப்பது அரிது. 2023-இல் மிலான் நகரத்து மாணவி ஒருத்தி கலாசாலையின் எதிரே கூடாரமடித்துத் தொடங்கிய வாடகைக் கிளர்ச்சி, இத்தாலியின் பிற கலாசாலை நகரங்களுக்கும் பரவியது இந்நெருக்கடியின் அடையாளமாகும். இதன் விளைவாக, பெற்றோரின் பொருள்வசதியும் படிப்பும் உடையோரே பெரும்பாலும் இவ்வாய்ப்பைப் பெறுகின்றனர். கோப்பர்னிக்கஸும் தம் மாமனாகிய மேற்றிராணியாரின் தயவில் பயின்றவரே. அது அக்காலத்து நிலையென்று பொறுத்துக்கொள்ளலாம். பொதுப்பணத்தால் நடைபெறும் ஒரு திட்டத்திற்கு அந்தச் சமாதானம் பொருந்தாது.

நிறையையும் குறையையும் சீர்தூக்கினால், இத்திட்டத்தைத் திருத்த வேண்டுமேயன்றிக் கைவிடலாகாது என்பது விளங்கும். உதவித்தொகையின் பெரும்பகுதியைப் புறப்படுமுன்னரே வழங்குவதும், இயன்றவரை அரையாண்டை ஓராண்டாக நீட்டுவதும் அரசாங்கங்களின் கடமை. வீட்டைத் தேடுவதையும் பாஷையைக் கற்பதையும் ஓராண்டுக்கு முன்னரே தொடங்குவது மாணாக்கனின் கடமை. முப்பது கிரெடிட்டுகளில் ஒரு பகுதியையேனும் நிகர் தேடாமல் ஏற்றுக்கொள்வது தாய்க் கலாசாலையின் கடமை. பழைய சர்வகலாசாலையொன்றின் பெருமை அதன் பிராயத்தில் அன்று, வேறிடத்திற் கிடைக்காத ஒன்றை அது கற்பிப்பதிலேயே இருக்கிறது. ஆதலின், சொந்தக் கலாசாலையில் இல்லாத பாடம் ஒன்றேனும் இடம்பெறாத விண்ணப்பத்தைத் துறைத்தலைவர்கள் ஒப்பமிடாமல் திருப்பியனுப்புவது, மாணாக்கருக்கு அவர்கள் செய்யும் உபகாரமே ஆகும்.