விசையும் கோளமும்

இரண்டாயிரத்துச் சொச்சம் ரூபாய்க்கு வாங்கிய மெக்கானிக்கல் கீபோர்டு ஒன்றையும், மேஜைமீது அசையாமல் அமர்ந்து கட்டைவிரலுக்கு மாத்திரம் வேலை வைக்கும் டிராக்பால் மவுஸ் ஒன்றையும் ஒரு மாதமாக உபயோகித்து வருகிறேன். சாதாரணக் கீபோர்டில் ரப்பர் குமிழ் அநேகமாக அடிமட்டம் வரை அமுங்கிய பிறகே எழுத்து பிறக்கிறதென்றால், இதிலோ ஒவ்வொரு விசைக்கும் தனித்தனியே சுருள்வில் இருப்பதால், நான்கு மில்லிமீட்டர் ஆழத்தில் பாதி தூரம் இறங்கியதுமே எழுத்து திரையில் விழுந்துவிடுகிறது. இந்தச் சூட்சுமத்தை விரல்கள் இரண்டொரு நாளில் தாமே கிரகித்துக்கொள்கின்றன. தமிழ்99 தட்டச்சு முறையில் உயிரெழுத்துகள் இடக்கைக்கும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைக்கும் உரியவையாதலால், கைகள் மாறி மாறி விழும் சப்தத்தில் ஒரு தாளக்கட்டே அமைந்துவிடுகிறது. (அடுத்த அறையில் உறங்குகிறவர்களின் அபிப்பிராயம் வேறு.) ஸ்பேஸ் பாரின் கடகடப்பு மட்டும் விலைக்கேற்ற குறை.

இனி, பந்தை உருட்டி அம்புக்குறியை நகர்த்தும் டிராக்பால். 1952-இல் கனடாக் கடற்படைக்காகச் செய்த டிராக்பாலில் பௌலிங் பந்தையே பொருத்தினார்கள். என்னுடையதில் உள்ள பந்து பெரிய நெல்லிக்காயளவுதான். அதைத் தாங்கும் மூன்று சிறு மணிகளில் அழுக்குத் திரண்டால் திரையில் அம்புக்குறி தயங்கித் தயங்கி நகர்கிறது. அடியிலுள்ள துவாரத்தின் வழியே பந்தை வெளியே தள்ளித் துடைத்தால் பழையபடி வழுக்கிக்கொண்டு ஓடும். வாரம் ஒருமுறை துடைக்க வேண்டியிருக்கிறது.