தாத்தா வாட்ச்சின் டயல்

கைக்கடிகாரத்தின் டயல், அரை மில்லிமீட்டர் கனம்கூட இல்லாத பித்தளைத் தகடு. முதுகுப் பக்கத்தில் இரண்டு மெல்லிய கால்கள் பற்றவைக்கப்பட்டிருக்கும். மெஷினின் அடித்தட்டில் உள்ள துளைகளில் அவை இறங்கி உட்காரும். பல டயல்களின் முன்பக்கத்தில் முதலில் மையத்திலிருந்து விளிம்புவரை கதிர்க்கோடுகள் தேய்க்கப்படும். அதன்மேல் வெள்ளி முலாமோ சாயமோ ஏறும், அதற்கும் மேல் கண்ணுக்குத் தெரியாத லாக்கர் பூச்சு. எழுத்துகளை நேராக அச்சடிப்பதில்லை. எழுத்து குழித்த உலோகத் தகட்டில் மையைத் தடவி வழித்துவிட்டு, மெத்தென்ற சிலிக்கான் உருண்டையை அதன்மேல் அழுத்தி, உருண்டையில் ஒட்டிய மையை டயலில் ஒற்றி எடுப்பார்கள். பழைய டயலை லென்ஸ் வைத்துப் பார்த்தால் எழுத்தின் ஓரம் கத்தியால் வெட்டியதுபோல் நிற்பதும், மை இம்மியளவு மேடாக இருப்பதும் தெரியும். டயல் ரசிகர்கள் முதலில் தேடுவது இந்த மேட்டைத்தான்.

செஞ்சி வட்டாரத்து வீடுகளில் பீரோவுக்குள் கிடக்கும் பரம்பரை வாட்ச் பெரும்பாலும் எச்.எம்.டி.யாகத்தான் இருக்கும். ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் தொழில்நுட்ப உதவியோடு 1961இல் பெங்களூரில் எச்.எம்.டி. வாட்ச் தயாரிப்பு தொடங்கியது. ஜனதா, பைலட், சோனா, கோஹினூர் என்ற பெயர்கள் பிறகு வீட்டுப் பெயர்களாயின. மாப்பிள்ளைக்கு மோதிரத்தோடும் செயினோடும் வாட்ச் போடும் வழக்கம் இருந்த தலைமுறையில், நெல்லும் மணிலாவும் விற்ற காசில் வாங்கியவை இவை. ஆசிரியர், தபால்காரர், பஸ் கண்டக்டர் கைகளிலும் இவையே இருந்தன. செஞ்சியைத் தொட்டுச் செல்லும் திண்டிவனம்–கிருஷ்ணகிரி நெடுஞ்சாலையில் மேற்கே போய்க் கிருஷ்ணகிரியில் திரும்பினால் ஓசூர், அதைத் தாண்டினால் பெங்களூர். தமிழ்நாட்டு அரசின் டிட்கோவும் டாடா குழுமமும் 1984இல் சேர்ந்து தொடங்கிய டைட்டன் ஓசூரில் வளர்ந்தது. சாவி கொடுக்கும் வாட்ச்சின் காலத்தை அதன் குவார்ட்ஸ் கடிகாரங்கள் முடித்துவைத்தன. எச்.எம்.டி. வாட்ச் நிறுவனத்தை மூட மத்திய அமைச்சரவை 2016 ஜனவரியில் ஒப்புதல் தந்தது. எனவே இன்று எச்.எம்.டி.க்குத் தேடும் டயல் பழைய இருப்பாகவோ இன்னொரு வாட்ச்சிலிருந்து கழற்றியதாகவோ கிடைக்க வேண்டும்.

டயலைக் கெடுப்பதில் முதலிடம் ஈரத்துக்கு. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்று மூன்று பாறைக் குன்றுகள் சூழ்ந்த செஞ்சியில் கோடையின் சூடு இரவிலும் லேசில் இறங்காது. வயலில் நின்ற கையின் வியர்வை சாவியின் ஓட்டை வழியே கேஸுக்குள் நுழையும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்ணாடியின் விளிம்பு வழியே ஈரம் வரும். லாக்கரில் சிறு வெடிப்பு இருந்தால் போதும், அடியிலிருக்கும் பித்தளை பச்சை பிடித்து முலாமைத் தூக்கிவிடும். சாவி இருக்கும் 3 மணிப் பக்கம் முதலில் கறுப்பதும் இதனால்தான். அடுத்த எதிரி வெயில்: வெள்ளை டயல் மஞ்சளாகும், கறுப்பு டயல் சில சமயம் காப்பிக்கொட்டை நிறத்துக்கு மாறும். இப்படிப் பழுப்பேறிய கறுப்பு டயலுக்கு உலகச் சந்தையில் தனி விலை உண்டு என்பதை அறியாமல் அதைக் கழற்றி எறிந்த வீடுகள் பல இருக்கும். மூன்றாவது எதிரி மனிதக் கை. முள்ளைக் கழற்றும்போது ஸ்க்ரூடிரைவர் நழுவி விழுந்த கீறல் பழைய வாட்ச்சுகளில் பரவலாகக் காணக்கிடைக்கும்.

எந்தக் கெடுதலுக்கு டயலை மாற்றலாம்? ரசனையுள்ளவர்களும் கடைக்காரர்களும் இந்த இடத்தில்தான் பிரிகிறார்கள். சீரான மஞ்சளும் விளிம்போரத்துப் புள்ளிகளும் வயதின் அடையாளம்; அவற்றை விட்டுவிட வேண்டும். லாக்கர் செதிலாக உதிர்ந்து மெஷினுக்குள் விழுகிறது, பச்சைக் களிம்பு பரவிக்கொண்டே போகிறது, எழுத்தே அழிந்துவிட்டது, கால் ஒடிந்து டயல் சுழல்கிறது என்ற நிலைகளில் மாற்றுவது நியாயம். கறையைத் துடைத்துப் பார்ப்போம் என்ற ஆசை எல்லாவற்றையும்விட ஆபத்தானது. பெட்ரோலோ ஸ்பிரிட்டோ தோய்த்த பஞ்சு ஒரே இழுப்பில் கறையோடு பெயரையும் கொண்டுபோய்விடும். தூசியை ஊதலாம், அதற்கான களிமண் போன்ற பசையால் மெல்ல ஒற்றலாம். அத்தோடு நிறுத்த வேண்டும்.

மாற்று டயலைத் தேடும்போது வாட்ச்சின் பெயரைவிட மெஷினின் எண்ணே முக்கியம். ஜனதாவின் பல தலைமுறைகளில் இருப்பது 0231 என்ற மெஷின்; 17 கற்கள், மணிக்கு 18,000 துடிப்பு. கால்கள் இருக்கும் கோணம் மெஷினுக்கு மெஷின் வேறுபடும் என்பதால், குறுக்களவு பொருந்தினாலும் வேறு மெஷினின் டயல் உட்காராது. உட்காராத டயலை என்ன செய்வது என்பதற்குச் சில பட்டறைகளில் வழக்கமான விடை ஒன்று உண்டு: காலை வெட்டிவிட்டு இருபக்க டேப்பால் ஒட்டிவிடுவது. டேப்பின் கனம் டயலை உயர்த்தும், மணி முள் உரசும், கோடைச் சூட்டில் பசை இளகி டயல் நகரும். டயலை ஒட்டுவதை வேலை என்றே ஏற்றுக்கொள்ள முடியாது.

கழற்றும் வேலையில்தான் கையின் தரம் தெரியும். பின்மூடியைத் திறந்து, சாவித்தண்டைப் பிடித்திருக்கும் சிறு திருகை நெகிழ்த்தித் தண்டை உருவ வேண்டும். திருகை ஒரு சுற்று கூடுதலாக நெகிழ்த்திவிட்டால் உள்ளிருக்கும் நெம்புகோல் டயல் பக்கம் விழுந்துவிடும். பொறுமை இல்லாதவரைத் தொழில் அடையாளம் காட்டும் இடம் இது. மெஷின் வெளியே வந்ததும் எல்லா முள்களையும் 12இல் ஒன்றின்மேல் ஒன்றாக நிறுத்தி, டயலின்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தாளை விரித்து, இருபுறமும் நெம்பி முள்களை நேராக மேலே எடுக்க வேண்டும். அடுத்து, மெஷினின் பக்கவாட்டில் கால்களைக் கவ்வியிருக்கும் இரண்டு குட்டித் திருகுகளை நெகிழ்த்த டயல் எழும்பும். அதை விரல்படாமல் விளிம்பில் மட்டுமே பிடிக்க வேண்டும். டயலுக்கும் மணிச் சக்கரத்துக்கும் இடையே சற்றே வளைந்த ஒரு பித்தளை வளையம் இருக்கும். டயலின் முதுகில் ஒட்டிக்கொண்டு வந்து தரையில் விழுவது அதன் குணம். அது இல்லாமல் வாட்ச் ஓடும். ஆனால் மணிச் சக்கரம் தளர்ந்து ஆடும், மணி முள் ஒரு நாள் ஒரு பக்கம் காட்டும், மறுநாள் வேறு பக்கம் காட்டும்.

மாட்டும்போது முதலில் மணி முள், பிறகு நிமிட முள், கடைசியில் செகண்ட் முள். மணி முள்ளையும் நிமிட முள்ளையும் 12இல் பொருத்தியபின் சாவியால் ஒரு முழுச் சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும்: 3, 6, 9 என்ற இடங்களில் மணி முள் எண்ணின்மேல் சரியாக நிற்கிறதா, முள்கள் ஒன்றையொன்று தொடுகின்றனவா என்று. தேதி காட்டும் மாடலானால், முதலில் தேதி தாவும் வரை சுற்றி, தாவிய நொடியில் 12ஐ வைத்து முள்களை மாட்ட வேண்டும். இல்லாவிட்டால் தேதி கண்ட நேரத்தில் மாறும். இத்தனையும் ஒழுங்காக முடிந்தால், வேலை நடந்ததற்கான தடயமே வாட்ச்சில் இருக்காது.

பழைய டயலையே சுரண்டி மறுபூச்சுப் பூசி அச்சடிப்பது இன்னொரு வழி. மும்பைப் பட்டறைகள் இதில் பேர்போனவை, பேர் கெட்டவையும்தான். பாவ்ர்-லூபா, வெஸ்ட் எண்ட் போன்ற ஸ்விஸ் வாட்ச்சுகளின் டயல்கள் கிளிப்பச்சை, ஆரஞ்சு என்று அங்கிருந்து புறப்பட்டு உலகெங்கும் போகின்றன. கண்டுபிடிப்பது கடினமல்ல. எழுத்து தடித்திருக்கும், நிமிடக் கோடுகளின் இடைவெளி ஒரே அளவில் இருக்காது, 6க்குக் கீழே விளிம்பில் வர வேண்டிய பொடி எழுத்து இருக்காது அல்லது நகர்ந்திருக்கும். இந்த வேலை எல்லாமே மோசம் என்பதற்கில்லை. நல்ல கையில் மறுபூச்சும் அழகுதான். ஆனால் தொழிற்சாலை ஒருபோதும் போடாத நிறத்தைப் பூசிப் ‘புது இருப்பு’ என்று விற்பது ஏமாற்று.

இருட்டில் ஒளிரும் பழைய டயலானால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 1960கள் வரை பல ஒளிப்பூச்சுகளில் ரேடியம் இருந்தது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். ஒளி மங்கிப்போவது அதோடு கலந்த பாஸ்பர் களைத்துப்போவதால்தான். கதிர்வீச்சு அப்படியே இருக்கும். அத்தகைய டயலைச் சுரண்டவும் ஊதவும் கூடாது. கழற்றியதை மூடிய உறையில் குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்க வேண்டும்.

மற்ற டயல்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆகவே வாட்ச்சை ரிப்பேருக்குக் கொடுக்கும்போதே, கழற்றிய டயலையும் திருப்பித் தர வேண்டும் என்று சொல்லிவிடுங்கள். மெஷின் எண்ணும் மாற்றிய தேதியும் எழுதிய சீட்டோடு அதை வாட்ச் பெட்டியிலேயே போட்டு வையுங்கள். அடுத்து அந்த வாட்ச்சைத் திறக்கும் மெக்கானிக்குக்கு அது உதவும்.