சுடாத துப்பாக்கி

மறைந்திருப்பதெல்லாம் ஆழமானது என்றொரு மூடநம்பிக்கை நம்மிடையே இருக்கிறது. கவிஞன் அச்சுக்குக் கொடுத்ததைவிட அவன் அடித்துப் போட்டது உண்மையானது என்பது இதன் ஒரு கிளை. இப்போது வீடியோ கேம் வரைக்கும் இது வந்துவிட்டது. பழைய கார்ட்ரிட்ஜுகளின் நினைவகத்தைப் பிரித்து, திரைக்கு வராமலே தங்கிவிட்ட படங்களையும் சொற்களையும் இசைத் துணுக்குகளையும் தோண்டி எடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய உழைப்பு மரியாதைக்குரியது. ஆனால் கிடைத்ததைத் தூக்கிக் காட்டி 'இதுதான் அசல்' என்னும்போது விமர்சனம் குறுக்கிட வேண்டியிருக்கிறது.

என் உதாரணம் 'டக் ஹன்ட்'. நின்டெண்டோ 1984இல் ஜப்பானில் வெளியிட்ட ஒளித்துப்பாக்கி விளையாட்டு. முழுப் படைப்பும் 24 கிலோபைட். இந்தக் கட்டுரையைக் கணிப்பொறியில் சேமித்தால் அதைவிடக் கொஞ்சம்தான் குறைவாக இடம் பிடிக்கும். புல்வெளி, ஒரு மரம், ஒரு நாய். நாய் வாத்துகளைக் கிளப்பும். மூன்று முறை சுடலாம். தவறினால் நாய் புல்லுக்குள்ளிருந்து எழுந்து நம்மைப் பார்த்துச் சிரிக்கும். தொண்ணூறுகளில் நம் ஊர்க் கடைகளில் விற்ற நகல் கருவிகளில் இதை விளையாடியவர்களில் நானும் ஒருவன்.

அப்போது தெரியாத ஒன்று: அந்தத் துப்பாக்கி எதையும் சுடுவதில்லை. பார்க்கிறது. குழலுக்குள் இருப்பது வெளிச்சத்தை உணரும் ஒரு கருவி மட்டுமே. விசையை அழுத்தியதும் திரை முழுவதும் ஒரு கணம் கறுப்பாகிறது. அடுத்த கணம், வாத்து இருந்த இடத்தில் ஒரு வெள்ளைச் சதுரம் தோன்றுகிறது. கறுப்பைப் பார்த்து உடனே வெள்ளையையும் பார்த்தால் வாத்து விழும். கறுப்பின்போதே வெளிச்சம் தெரிந்தால், துப்பாக்கி விளக்கையோ வேறெதையோ நோக்கி நீட்டப்பட்டிருக்கிறது என்று அர்த்தம், கணக்கில் வராது. இரண்டு வாத்துகள் பறந்தால் சதுரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். எந்தச் சதுரத்தில் வெளிச்சம் தெரிந்ததோ அந்த வாத்துதான் அடிபட்டது. ஒவ்வொரு சட்டகத்துக்கும் ஒரு விநாடியில் அறுபதில் ஒரு பங்கு. நம் கண்ணுக்கு ஒரு சிமிட்டல், அவ்வளவுதான்.

இந்தத் தலைகீழ் மாற்றத்துக்கு ஒரு சரித்திரம் உண்டு. 1936இல் அமெரிக்காவில் ஸீபர்க் நிறுவனம் கொண்டுவந்த 'ரே-ஓ-லைட்' என்ற வாத்துச் சுடும் இயந்திரத்தில் துப்பாக்கிதான் ஒளியைப் பாய்ச்சியது. உணர்கிற கண் வாத்தில் இருந்தது. 1970இல் நின்டெண்டோ விற்ற பொம்மைத் துப்பாக்கியும் அப்படியே. குறிப்பொருளில் சூரிய மின்கலம் இருந்தது. அந்த மின்கலங்களை ஷார்ப் நிறுவனத்திலிருந்து கொண்டுவந்த மஸாயுகி உயெமுராதான் பிறகு நின்டெண்டோவில் சேர்ந்து, டக் ஹன்ட் ஓடிய ஃபேமிகாம் கருவியை வடிவமைத்தார். 1984க்கு வரும்போது கண் இடம் மாறிவிட்டது. வாத்து ஒளிர்கிறது; துப்பாக்கி பார்க்கிறது. சுடுகிறோம் என்ற நம் எண்ணம் மட்டும் மாறவில்லை.

ஆக, மறைந்திருப்பதில் மூன்று வகை இருப்பதாக எனக்குப் படுகிறது.

முதலாவது, ஒளித்து வைத்தது. அட்டாரியின் 'அட்வெஞ்சர்' விளையாட்டில் வாரன் ராபினெட் ஓர் இரகசிய அறை கட்டித் தன் பெயரை எழுதி வைத்தார். செய்தவன் பெயரைப் போட நிறுவனம் மறுத்த காலம் அது. அந்த அறை ஒரு கையெழுத்து, ஒரு கலகமும்கூட. கண்டுபிடிக்கப்பட வேண்டும் என்றே ஒளிக்கப்பட்டது.

இரண்டாவது, கைவிடப்பட்டது. செய்து பார்த்து வேண்டாமென்று ஒதுக்கிய படம், எடுத்துப் போடுவதும் ஒரு வேலை என்பதால் அங்கேயே கிடக்கிறது. இதில் சிருஷ்டியின் தடம் உண்டு. சிருஷ்டி இல்லை.

மூன்றாவது, அந்தக் கறுப்புச் சட்டகம். யாரும் பார்ப்பதில்லை, யாரும் தேடுவதுமில்லை. அது இல்லாவிட்டால் ஒரு வாத்துகூட விழாது. இன்றைய தட்டைத் திரைகளில் பழைய துப்பாக்கி வேலை செய்யாததற்குக் காரணமும் இதுதான். அவை படத்தைக் காட்டுவதில் சற்றுத் தாமதிக்கின்றன. துப்பாக்கி எதிர்பார்க்கும் கணத்தில் வெள்ளை வந்து சேர்வதில்லை. வாத்து, நாய், மரம் எல்லாம் அப்படியே இருக்கின்றன. படைப்பு மட்டும் இல்லை. விமர்சகன் தேட வேண்டிய மறைவு இதுவே என்பேன். ஒரு கவிதையின் இரு வரிகளுக்கு நடுவிலுள்ள மௌனம் இந்த வகையைச் சேர்ந்தது. அதைத் தோண்டி எடுத்துத் தனியாகக் காட்ட முடியாது.

நான்காவதாக ஒன்றைச் சொல்லலாம்: இல்லாதது. நாயைச் சுட ஓர் இரகசிய வழி இருக்கிறது என்று என் வகுப்பில் சத்தியம் செய்தார்கள். வீட்டுக் கருவிக்கான டக் ஹன்டில் அப்படி ஒன்றும் கிடையாது. ஆர்கேட் வடிவத்தின் போனஸ் சுற்றில் நாயைச் சுட முடியும்; ஆனால் யாருக்கும் நினைவில் நிற்பது சுட முடியாத நாய்தான். அதே சமயம், இரண்டாவது கட்டுப்பாட்டுக் கருவியைச் சொருகினால் இன்னொருவர் வாத்தைத் தன் இஷ்டப்படி பறக்க வைக்கலாம் என்பது கையேட்டிலேயே அச்சாகியிருந்தது. அதைப் படித்தவர்கள் குறைவு. இல்லாத இரகசியத்தைத் தேடுகிறவன், அச்சில் இருப்பதைப் படிப்பதில்லை. நம் விமர்சனத்தின் கதையும் பெரும்பாலும் இதுதான்.

இதையெல்லாம் எழுத ஒரு காரணம் இருக்கிறது. சென்ற வருஷம் இறந்துபோன நம் நண்பரின் மூன்று நோட்டுப் புத்தகங்கள் என் அலமாரியில் இருக்கின்றன. அடித்த வரிகளையும் சேர்த்து 'முழுமையான தொகுப்பு' கொண்டுவர வேண்டும் என்கிறார்கள் சிலர். எரித்துவிட வேண்டும் என்கிறார் ஒருவர். இரண்டுக்கும் இதுவரை நான் பதில் சொல்லவில்லை.

பாங்க்கில் எங்களுக்கு முதலில் சொல்லித்தந்த பாடம்: தவறாகப் பதிந்ததை அழிக்கக் கூடாது. வவுச்சரில் எழுதியதை ஒற்றைக் கோட்டால் அடி, அடித்தது படிக்கும்படி இருக்கட்டும், பக்கத்தில் கையெழுத்திடு. கணிப்பொறி வந்த பிறகும், தவறான பதிவை நீக்குவதில்லை; எதிர்ப் பதிவு ஒன்று போடுகிறோம். இரண்டும் நிற்கும். ஆனால் அடித்த தொகையைக் கூட்டலில் சேர்க்கிறவனை வேலையில் வைத்திருக்க மாட்டார்கள்.

நோட்டுகளை எரிக்கப் போவதில்லை. அடித்த வரிகளை அடித்த கோட்டோடு அச்சிடுவோம், பின்னிணைப்பில். கவிதை என்ற தலைப்பின் கீழ் அவை வரக் கூடாது. அந்தக் கோட்டைப் போட்டதும் அவர் கைதான். சில கவிதைகளில், மிச்சமிருக்கிற வரிகளை வெளிச்சமாக்குகிற கறுப்பு அந்தக் கோடுதான் என்பதை நோட்டைப் புரட்டியவர்கள் அறிவார்கள்.

டக் ஹன்டில் 99ஆம் சுற்றைத் தாண்டினால் 0ஆம் சுற்று வரும். அங்கே வாத்துகள் தாறுமாறாகப் பறக்கும், அல்லது வரவே வராது; ஆட்டம் முடிந்துவிடும். அந்தச் சுற்றை யாரும் எழுதவில்லை. எழுதியது தீர்ந்த இடம் அது. அதற்கு மேலும் அர்த்தம் தேடிச் சுட்டுக்கொண்டிருப்பவனைப் பார்த்து நாய் சிரித்தால், நாயின் மேல் கோபித்துப் பயனில்லை.