சுண்டெலியின் நடத்தையும் மனச்சிதைவு மருந்தும்: தானியங்கி அளவீடு குறித்த ஒரு திறனாய்வு

மனச்சிதைவு மருந்தாய்வில் சுண்டெலியின் ஓட்டமே நெடுங்காலம் அளவுகோலாக இருந்துவந்தது. ஆம்ஃபெட்டமைன் அல்லது ஃபென்சைக்ளிடின் செலுத்தப்பட்ட எலி கூண்டினுள் ஓயாது ஓடும். அகச்சிவப்புக் கதிர்கள் எத்தனை முறை தடைப்பட்டன என்பது எண்ணாகப் பதிவாகும். அவ்வெண்ணைக் குறைக்கும் சேர்மம் நம்பிக்கைக்குரியதெனக் கொள்ளப்படும். ஹாலோபெரிடால் இச்சோதனையில் தேறும். எலியை மந்தமாக்கும் உறக்க மருந்தும் தேறும் என்பதே சிக்கல்.

இக்குறையைக் களையவே தானியங்கி முறைகள் வந்தன. ஹார்வர்டில் உருவான 'மோசெக்' முறை (2015) எலியின் நடத்தையை நொடிக்கும் குறைவான அசைவுகளாகப் பகுத்து, அவற்றை 'அசைகள்' என்றும் அவற்றின் வரிசையை 'இலக்கணம்' என்றும் அழைக்கிறது. தமிழ் யாப்பு பயின்றவர்க்கு இச்சொல்லாட்சி இனிக்கும். ஆனால் செய்யுளின் அசைகள் சேர்ந்து பொருள் தரும் சொற்களாகின்றன. எலியின் அசைகள் எதைச் சொல்கின்றன என்பதை அவ்விலக்கணம் கூறுவதில்லை.

உலோட்டரான்ட்டின் வரலாறு இங்குக் கருதத்தக்கது. சைக்கோஜெனிக்ஸ் நிறுவனத்தின் 'ஸ்மார்ட்கியூப்' கருவி எலியின் நடத்தைக் கூறுகளைப் பதிவுசெய்து, அறிந்த மருந்துகள் விளைவிக்கும் நடத்தையோடு ஒப்பிட்டு வகைப்படுத்துவது. இவ்வழியில் கண்டறியப்பட்ட உலோட்டரான்ட், டோபமைன் டி2 ஏற்பியைத் தடுக்காமலே மனச்சிதைவு மருந்தின் சாயலைக் காட்டியது. 2020இல் வெளியான, 245 நோயாளிகளைக் கொண்ட நான்கு வார ஆய்வில் அது மருந்துப்போலியை விஞ்சியது. 2023இல் மூன்றாம் கட்ட ஆய்வுகள் இரண்டிலும் விஞ்சவில்லை.

மருந்துப்போலிக் குழுவினரிடமும் பெரிய முன்னேற்றம் காணப்பட்டமையால், தோல்விப் பழியை எலியின்மீது சுமத்துவது முறையன்று. எனினும் 2020இன் வெற்றியை முறைக்குச் சான்றாகக் காட்டியவர் 2023ஐ மட்டும் ஒதுக்கிவிட இயலாது. என் ஐயம் துல்லியம் பற்றியதன்று. இக்கருவி விடையளிக்கும் வினா, 'இச்சேர்மம் எந்த மருந்தை ஒத்தது?' என்பது. நோயாளியின் செவியில் ஒலிக்கும் குரல் அடங்குமா என்பது வேறு வினா. நலமுள்ள எலியிடம் அதற்கு விடையில்லை.

வகைப்படுத்தியை வென்ற மருந்துகளைக் கொண்டே பயிற்றுவித்து, அவற்றைக் கொண்டே சரிபார்ப்பது தன்னைத் தானே மெய்ப்பிக்கும் வட்டம். எலிகளில் ஓட்டத்தைத் தணித்த குளூட்டமேட் வகைச் சேர்மங்களின் வழிவந்த போமக்ளுமெட்டாட் 2012இல் மனிதரிடம் தோற்றது. அத்தகைய சேர்மங்களையும் அதே கூண்டில் சோதித்து, அவற்றைக் கருவி எவ்வாறு வகைப்படுத்துகிறது என்பதை ஒவ்வோர் ஆய்வறிக்கையும் வெளியிட வேண்டும்.