ஒரே வௌவால், இரண்டு வேடம்

துறைமுகத்தில் பேட்மேன் ஓடுகிறார். கையில் கறுப்பாக, உருண்டையாக ஒரு வெடிகுண்டு. திரியில் பொறி பறக்கிறது. இந்தப் பக்கம் எறியலாமென்றால் கன்னியாஸ்திரீகள். அந்தப் பக்கம் குழந்தை வண்டியோடு ஒரு பெண். தண்ணீரில் வீசலாமென்றால் படகில் காதல் ஜோடி, போதாக்குறைக்கு வாத்துக் குஞ்சுகள். இது 1966-இல் வந்த படம். கிறிஸ்டோபர் நோலனின் 'தி டார்க் நைட் ரைசஸ்' (2012) முடியும்போதும் பேட்மேனிடம் ஒரு குண்டு இருக்கிறது. இந்த முறை அணுகுண்டு. பறக்கும் வாகனத்தில் கட்டி இழுத்துக்கொண்டு கடலுக்கு மேலே போகிறார். சிக்கல் ஒன்றுதான்: ஊர் பிழைக்க வேண்டும், குண்டு தூரப் போக வேண்டும். முதல் படத்தில் வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். இரண்டாவதில் தொண்டை அடைக்கிறது.

எது அசல் பேட்மேன் என்ற சண்டை ஓய்வதே இல்லை. பாப் கேனும் பில் ஃபிங்கரும் 1939-இல் உருவாக்கிய பாத்திரத்திலேயே இரண்டுக்கும் இடம் உண்டு. கண்ணெதிரே பெற்றோரைப் பறிகொடுத்த பையன் என்பது துயரக் கதை. அவன் வளர்ந்து, வௌவால் வேடம் போட்டுக்கொண்டு திருடர்களைத் துரத்துகிறான் என்பது, எவ்வளவு முகத்தை இறுக்கிக்கொண்டு சொன்னாலும், கொஞ்சம் வேடிக்கைதான். எந்தப் பக்கம் சாய்ந்தார்கள் என்பதைவிட, சாய்ந்த பக்கத்தில் உறுதியாக நின்றார்களா என்பதே எனக்கு முக்கியம்.

பேட்மேனாக நடித்த ஆடம் வெஸ்ட் நின்றார். அதே 1966 படத்தில், ஹெலிகாப்டரிலிருந்து தொங்கும் ஏணியில் அவர் காலைச் சுறா கவ்வுகிறது. பார்த்தாலே ரப்பர் என்று தெரிகிற சுறா. சுறாவை விரட்டும் ஸ்ப்ரேயை எடுத்துத் தரும்படி ராபினிடம் கேட்கிறார். அறுவைச் சிகிச்சை நடுவே டாக்டர் கத்தி கேட்கிற அதே நிதானம். உதட்டோரம்கூடத் துடிக்கவில்லை. அவர் நடித்த பேட்மேன் தொலைக்காட்சித் தொடரில் சுவர் ஏறும் காட்சிகளும் அப்படித்தான். சுவரைத் தரையில் படுக்க வைத்து, கேமராவைப் பக்கவாட்டில் சாய்த்து, மேலங்கியை நூலால் இழுத்துப் பிடித்து எடுத்தார்கள். நடிகர்களோ உயிரைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் போலக் கயிற்றைப் பற்றி நடந்தார்கள்.

ஜோயல் ஷூமாக்கரின் 'பேட்மேன் & ராபின்' (1997) சறுக்கியது இங்கேதான். நியான் வெளிச்சம், பனிக்கட்டியை வைத்து அர்னால்ட் உதிர்க்கும் சிலேடைகள் என்று சாமான்களுக்குக் குறைவில்லை. ஆனால் பேட்மேன் தன் பெயரில் ஒரு கிரெடிட் கார்டை எடுத்து நீட்டும்போது படமே நம்மைப் பார்த்துக் கண்ணடிக்கிறது. அவர்களே நம்பாததை நாம் ஏன் நம்ப வேண்டும்?

இருட்டுப் பக்கமும் சும்மா கிடைப்பதில்லை. டிம் பர்ட்டனின் 1989 படத்துக்கு ஆன்டன் ஃபர்ஸ்ட் கட்டிய காதம் நகரம் ஆஸ்கர் வாங்கியது. வானத்தையே மறைக்கிற கட்டடங்கள், குழாய்கள், புகை. அந்த ஊரைப் பார்த்தால் இங்கே ஒருவன் வௌவாலாக மாறியதில் ஆச்சரியமே வராது.

பேட்மேனின் எதிரி ஜோக்கரின் இரண்டு முகங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். தொடரில் நடித்த சீசர் ரொமேரோ மீசையை மழிக்க மறுத்துவிட்டார். வெள்ளைப் பூச்சை அதன் மேலேயே அப்பினார்கள்; க்ளோஸ்-அப்பில் மீசை பளிச்சென்று தெரியும். 'தி டார்க் நைட்' (2008) படத்தில் ஹீத் லெட்ஜரின் பூச்சு நெற்றிச் சுருக்கங்களில் வெடித்து, கண்ணோரம் கரைந்து வழியும். முன்னது அலட்சியத்தின் அழகு, பின்னது திட்டமிட்ட அலங்கோலம்.

லெட்ஜரின் நடிப்பில் நான் மிகவும் ரசிக்கிற இடம் ஒரு வேடிக்கைதான். தாதாக்கள் கூடிய மேஜையில் பென்சிலைச் செங்குத்தாக நட்டு, அதை மறைய வைத்துக் காட்டுவதாகச் சொல்கிறார். ஓர் அடியாள் நெருங்கி வர, அவன் தலையைப் பிடித்து மேஜையில் மோத, பென்சில் மறைந்தே போகிறது. கோமாளியின் நேரக்கணக்கு பிசகவில்லை, சிரித்துவிட்டுத்தான் திடுக்கிடுகிறோம். ரொமேரோவிடம் கொடுத்திருந்தாலும் இந்த வித்தையை இப்படித்தான் தொடங்கியிருப்பார். அடியாள் மட்டும் பிழைத்திருப்பான்.