கிழங்கெல்லாம் வேரா? வேர், தண்டு பயிற்சித்தாள்கள் பற்றி ஒரு மதிப்பாய்வு

வேர், தண்டு பாடம் தொடங்கினால் போதும், ஆசிரியர் குழுக்களில் பயிற்சித்தாள்கள் வரிசையாக வந்துவிடும். படங்கள் தெளிவு, ஆணிவேர், சல்லிவேர் வேறுபாடும் சரி. ஆண்டு 1 மாணவருக்கு அது போதும். ஆனால் அதே தாள் சிறு மாற்றத்தோடு மேல் வகுப்புக்கும் போகிறது பாருங்க, அங்கேதான் சிக்கல். மூன்று குறைகளைச் சொல்ல வேண்டும்.

முதலாவது, 'மண்ணுக்குக் கீழே வேர், மேலே தண்டு' என்ற வரையறை. இதை மனனம் செய்த மாணவர் உருளைக்கிழங்கை வேர் என்றே எழுதுவார். நம் மொழியும் இங்கே கொஞ்சம் ஏமாற்றும். உருளைக்கிழங்கு, மரவள்ளிக்கிழங்கு இரண்டையும் 'கிழங்கு' என்றுதான் சொல்கிறோம். ஆனால் முன்னது தண்டு, பின்னது வேர். உருளைக்கிழங்கின் 'கண்கள்' எல்லாம் தண்டில் இருக்க வேண்டிய மொட்டுகள். இஞ்சியில் கணுவும் செதில் இலையும் தெரியும், அதுவும் தண்டுதான். மரவள்ளிக்கிழங்கில் கணு கிடையாது. அதனால்தான் மரவள்ளியை நடும்போது கிழங்கைப் புதைக்காமல் குச்சியை வெட்டி நடுகிறோம். 'முளைத்தால் தண்டு' என்றும் சொல்லிக் கொடுத்துவிடக்கூடாது. சர்க்கரைவள்ளிக்கிழங்கு வேர்தான்; அதுவும் முளைக்கும். கணு இருக்கிறதா என்று தேடச் சொல்வதே சரி.

இரண்டாவது, சாயநீர்ச் சோதனை. காசித்தும்பைத் தண்டை வெட்டிச் சிவப்புநீரில் வைக்கிறோம். 'வேர் நீரை உறிஞ்சுகிறது' என்பதே பல தாள்களில் முடிவு. அந்தச் செடியில் வேரே இல்லையே! சோதனை காட்டுவது, தண்டிலுள்ள சைலம் குழாய்கள் நீரைக் கடத்துகின்றன என்பதை மட்டுமே. இலையோடு ஒரு தண்டு, இலை நீக்கிய தண்டு ஒன்று எனப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இலை உள்ளதில் சாயம் விரைவாக ஏறும். இலையிலிருந்து நீர் ஆவியாக வெளியேறுவதே மேல்நோக்கி இழுக்கிறது என்பது அப்போது புரியும். மாறிகளைக் கற்பிக்கவும் இது நல்ல வாய்ப்பு.

மூன்றாவது, பணிகளைப் பட்டியலாக மட்டும் தருவது. 'வேர் நீரை உறிஞ்சும், செடியைப் பற்றி நிற்கும். தண்டு தாங்கும், கடத்தும்' என்பதோடு தாள் முடிந்துவிடுகிறது. மாசாயில் இருந்துகொண்டு இதோடு நிறுத்தலாமா? ஜொகூர் நீரிணைக் கரையின் சதுப்புநிலச் சேற்றில் காற்று மிகக் குறைவு. அப்பி-அப்பி மரத்தின் வேர்கள் பென்சில் நட்டதுபோல மேல்நோக்கி வளர்வது காற்றைப் பெறத்தான். பாக்காவ் மரத்தின் முட்டுவேர்கள் குழைந்த சேற்றில் மரத்தைச் சாயாமல் தாங்குகின்றன. வேர் என்றால் கீழ்நோக்கித்தான் போகும் என்று படித்த பிள்ளைக்கு இதைவிட நல்ல கேள்வி எது?

தண்டுக்குப் பால்மரம் இருக்கிறது. தோட்டப்புறத்தில் வாழ்ந்த தாத்தா பாட்டிகளைக் கேட்டால் சொல்வார்கள்: பட்டையைத்தான் சீவ வேண்டும், கட்டையில் கத்தி படக்கூடாது. காரணம் அறிவியல்தான். பால்குழாய்கள் பட்டையில் உள்ளன. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே இருக்கும் மெல்லிய வளர்படலம் காயப்பட்டால் புதுப்பட்டை சீராக வளராது. உணவைக் கடத்தும் புளோயமும் பட்டையில்தான் இருக்கிறது. ஆகவே மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை உரித்துவிட்டால், இலை தயாரிக்கும் உணவு வேருக்குப் போகாது. நாளடைவில் மரமே பட்டுப்போகும். உயர்நிலைச் சிந்தனைக் கேள்விக்கு இது அருமையான சூழல்.

தேர்வெழுதும் மாணவர்களே, 'வேர் நீரை உறிஞ்சும்' என்று எழுதிவிட்டு நிறுத்தாதீர்கள். அமைப்பு, காரணம், பணி மூன்றையும் கோத்து எழுதுங்கள்: 'வேர்த்தூவிகள் மெல்லியவை, எண்ணிக்கையில் மிகுதி, அதனால் மண்ணைத் தொடும் பரப்பு கூடுகிறது, நீரும் தாதுப்பொருள்களும் அதிகமாக உறிஞ்சப்படுகின்றன.'

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த தாளைப் பகிர்வதற்கு முன் ஓர் இஞ்சி, ஓர் உருளைக்கிழங்கு, ஒரு கேரட் மூன்றையும் மேசையில் வையுங்கள். பெயரைச் சொல்லாமல், 'இதில் எது வேர், எப்படித் தெரியும்?' என்று கேளுங்கள். பிள்ளைகள் முதலில் உற்றறியட்டும். தாள் பிறகு வரட்டும்.